ஐநெட்டி கோப்பின் இடமாற்றம்

யூனிக்ஸ் வம்சத்துச் சர்வர்களை நிர்வகிப்போர் தம் உத்தியோக காலத்தில் ஒருமுறையேனும் செய்தே தீரவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக ஒரே கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் கைவைத்துத் திருத்தி, சில வரிகளை எதற்காக எழுதினோம் என்பதே மறந்துபோன நிலையில் கிடக்கும் நெட்வொர்க் சேவைகளின் அமைப்பை, புதிதாக வந்திருக்கும் நிர்வாக முறையின் வடிவத்துக்கு மாற்றிக்கொடுப்பதே அக்காரியம். இதற்கென்று மாற்றுக் கருவிகளும் உண்டு. ஒரு கட்டளையைத் தட்டினால் நொடிப்பொழுதில் எல்லாம் முடிந்துவிட்டதாக அவை அறிவிக்கும். அப்படி முடிவது எது, முடியாமல் நிற்பது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம். ஆராய்ச்சிக்கு ஐநெட்டி என்னும் டீமனை எடுத்துக்கொள்ளலாம். அதன் கோப்பு கால் நூற்றாண்டுக் காலத்தில் நான்கு வெவ்வேறு முறைகளுக்கு இடம்பெயர்ந்திருப்பதால், ஒரே மூலத்தை நான்கு தரப்பினர் எவ்வாறு வாசித்தனர் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அதில் கிடைக்கிறது.

ஐநெட்டி 1986-இல் வெளியான 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு வந்தது. டெல்நெட்டுக்கு ஒன்று, எஃப்.டி.பி.க்கு ஒன்று, ஃபிங்கருக்கு ஒன்று எனச் சேவைக்கொரு டீமன் நினைவகத்தில் இடம்பிடித்து, நாள் முழுதும் ஒருவரும் வராவிட்டாலும் காத்துக் கிடப்பது, நினைவகத்தை எண்ணிச் செலவிட்ட அக்காலத்தில் ஆடம்பரமாகவே கருதப்பட்டது. ஆகவே எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே டீமன் கவனித்துக்கொண்டிருந்து, அழைப்பு வந்த க்ஷணத்தில் உரிய நிரலை எழுப்பி, இணைப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும் ஏற்பாடு பிறந்தது. எந்த அழைப்புக்கு எந்த நிரலை எழுப்புவது என்பதைச் சொல்லுவதற்கு ஒரு கோப்பு. அதில் சேவைக்கு ஒரு வரி. வரிக்கு ஏழு பத்திகள். சேவையின் பெயர், சாக்கெட்டின் வகை, புரோட்டோகால், ‘வெயிட்’ அல்லது ‘நோவெயிட்’, எந்தப் பயனரின் அதிகாரத்தில் ஓடவேண்டும் என்பது, நிரலின் முழுப் பாதை, இறுதியாக அதற்குக் கொடுக்கவேண்டிய ஆர்க்யுமெண்டுகள். ஒரு சேவையை நிறுத்த விரும்பினால் அதன் வரியின் தலையில் ஒரு ஹாஷ் குறியை இட்டு, டீமனுக்கு ஹேங்கப் சிக்னல் ஒன்றை அனுப்பிவிட்டால் போதும். இதைவிடச் சிக்கனமான ஒரு நிர்வாக முறையை இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். வரியில் போர்ட் எண் கிடையாது. அது ‘சர்வீசஸ்’ என்ற வேறொரு கோப்பில் இருக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை தடவை எழுப்பலாம் என்ற வரம்பு கிடையாது. அது பெரும்பாலும் ஐநெட்டி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த முகவரியிலிருந்து வருவோரை அனுமதிக்கலாம் என்பதும் ஆரம்பத்தில் எங்குமே கிடையாது. கோப்பு சுருக்கமாக இருந்ததற்குக் காரணம், அதன் தாத்பரியத்தில் பெரும்பகுதி கோப்புக்கு வெளியே வாசம் செய்ததே. பழைய கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் வரவும் செலவும் மட்டும் பதிந்திருக்க, யாருக்குத் தவணை கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது அவர் மனத்தில் இருந்ததைப் போன்றது இது. பேரேட்டை மட்டும் புதிய குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டோம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கோப்பு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லுவது வழக்கமாகிவிட்டது.

1988 நவம்பரில் இணையத்தைக் கலக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, ஐநெட்டியால் எழுப்பப்படும் ஃபிங்கர் நிரலே. கேட்ட மாத்திரத்தில் கதவைத் திறந்துவிடும் டீமனுக்கு வாசற்காவல் ஒன்றும் தேவை என்பதை அச்சம்பவம் பலருக்கும் உணர்த்தியது. நெதர்லாந்தில் ஐன்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த வீட்ஸா வெனமா, தம் கணினிகளுக்குள் புகுந்து நாசம் செய்துவந்த ஒருவனைப் பின்தொடரும் பொருட்டு 1990-இல் எழுதிய டி.சி.பி. ராப்பர் இத்துறையில் ஒரு மைல்கல். ஐநெட்டியின் மூல நிரலைத் தொடாமல், கோப்பின் ஆறாம் பத்தியில் உண்மையான நிரலின் பாதையை எடுத்துவிட்டுத் தம்முடைய காவல் நிரலின் பாதையை அவர் வைத்தார். உண்மையான நிரலின் பெயர் ஏழாம் பத்திக்கு நகர்ந்தது. அனுமதிப் பட்டியலும் மறுப்புப் பட்டியலும் தனித்தனிக் கோப்புகளாயின. மிக நேர்த்தியான யுக்தி என்பதில் சந்தேகமில்லை. எனினும் அன்று முதல் ஐநெட்டி கோப்பின் ஒரு வரியை அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பது சாத்தியமில்லாமற் போயிற்று. ஆறாம் பத்தியைப் படித்து ‘இந்தச் சேவையின் நிரல் இதுவே’ என்று நம்பும் எந்த மாற்றுக் கருவியும், பத்துச் சேவைகளுக்கும் ஒரே நிரல் என்ற முடிவுக்கே வந்துசேரும்.

முதல் பெரிய இடமாற்றம் எக்ஸ்ஐநெட்டிக்கு நிகழ்ந்தது. 2000-இல் வெளியான ரெட் ஹேட் லினக்ஸ் 7, பழைய டீமனைக் கைவிட்டு இதை ஏற்றுக்கொண்டது. ஒரே கோப்பில் வரிவரியாக இருந்தது, ஒரு கோப்பகத்துக்குள் சேவைக்கு ஒரு கோப்பாகப் பிரிந்தது. யாரை அனுமதிப்பது, எந்த நேரத்தில் அனுமதிப்பது, ஒரே சமயத்தில் எத்தனை பிரதிகள் ஓடலாம் என்பனவெல்லாம் பெயரிட்ட பண்புகளாக அக்கோப்புக்குள்ளேயே வந்து சேர்ந்தன. பழைய கோப்பைப் படித்துப் புதிய வடிவத்தில் எழுதித் தரும் சிறு கருவிகளும் உடன் வந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய வரியின் ஒவ்வொரு பத்திக்கும் புதிய முறையில் ஒரு பண்பு நேராகவே இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. நிறுத்தி வைப்பதற்கு ஹாஷ் குறிக்குப் பதிலாக ‘டிசேபிள்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘யெஸ்’ என்று எழுதும் வழக்கம் மட்டும், ‘யெஸ்’ என்றால் திறந்திருக்கிறது என்று எண்ணிவிட்ட புதியவர்களைச் சிலகாலம் குழப்பிற்று.

சன் நிறுவனம் 2005 ஜனவரியில் வெளியிட்ட சோலாரிஸ் 10 செய்தது வேறு காரியம். அதில் புகுத்தப்பட்ட எஸ்.எம்.எஃப். என்னும் சேவை நிர்வாக வசதி, கோப்புகளின் ராஜ்யத்தையே முடிவுக்குக் கொண்டுவர முனைந்தது. சேவைகளின் அமைப்பு ஒரு களஞ்சியத்தில் இருக்கும். அதைக் கட்டளைகள் வழியாகவே தொடவேண்டும். சேவை ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்.எம்.எல். வடிவில் ஒரு மேனிஃபெஸ்ட் இருக்கும். ஒரு சேவை விழுந்தால் காரணத்தோடு அது பதிவாகும், தேவையானால் தானே எழுப்பப்படும். பழையதைக் கையாளுவதில் அம்முறை இரண்டு மனோபாவங்களைக் காட்டியது என்பது கவனிக்கத்தக்கது. ஆர்.சி. கோப்பகங்களில் கிடந்த பழைய துவக்க ஸ்கிரிப்டுகளை அது தொடவில்லை. அவற்றை அப்படியே ஓடவிட்டு, ‘லெகசி ரன்’ என்ற அடையாளத்தோடு பட்டியலில் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. ஐநெட்டி கோப்பின் விஷயத்திலோ அந்தத் தாட்சண்யம் இல்லை. பெயர் மாறாத அதே டீமன், தன் பெயரைத் தாங்கிய கோப்பைப் படிப்பதையே நிறுத்திவிட்டது. ஐநெட்கான்வ் என்ற கருவியால் மாற்றப்பட்டுக் களஞ்சியத்துக்குள் சென்றால்தான் ஒரு வரிக்கு ஜீவன்.

நடைமுறையில் இது எப்படி இருந்தது என்பதைப் பார்க்கலாம். நெட்வொர்க் வழியாக வேறு கணினிகளில் சோலாரிஸை நிறுவ விரும்பும் நிர்வாகிக்கு டி.எஃப்.டி.பி. சேவை அவசியம். கோப்பைத் திறந்தால் அந்த வரி ஹாஷ் குறியோடு இருக்கும்: சாக்கெட் ‘டிகிராம்’, புரோட்டோகால் ‘யு.டி.பி.6’, அடுத்து ‘வெயிட்’, பயனர் ‘ரூட்’, நிரலின் பாதை, கடைசியில் கோப்புகள் இருக்கும் ‘டி.எஃப்.டி.பி.பூட்’ கோப்பகம். குறியை அழித்துவிட்டு, பழைய வழக்கப்படி சிக்னல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஐநெட்கான்வ் கட்டளையைத் தட்டிய பிறகு, அந்த ஒற்றை வரி பல பத்து வரிகள் கொண்ட எக்ஸ்.எம்.எல். மேனிஃபெஸ்டாகப் பெருகி, நெட்வொர்க் கோப்பகத்தில் ‘டி.எஃப்.டி.பி.-யு.டி.பி.6’ என்ற பெயரில் உட்கார்ந்து, களஞ்சியத்துக்குள் ஏற்றப்பட்டு, சேவை உடனே திறந்தும்விட்டது. பெயர்கூட இல்லாமல் எண்ணால் மட்டுமே அறியப்பட்ட ஆர்.பி.சி. சேவைகள் படும் பாடு தனி. கேஷ் கோப்பு முறைமைக்குரிய 100235 என்ற சேவை, அதன் பதிப்பெண்ணுக்கு முன்னிருந்த சாய்கோடு அடிக்கோடாக மாற, முன்னால் ‘ஆர்.பி.சி.’ என்ற ஒட்டும் சேர்ந்து, புதிய பெயரோடு குடியேறியது. எண்ணில் தொடங்கும் பெயரைப் புதிய முறை ஏற்பதில்லை.

சன் பொறியாளர்கள் பாராட்டுக்குரிய காரியங்கள் இரண்டைச் செய்திருக்கிறார்கள். ஒன்று, ஒரு முழுமையான மேனிஃபெஸ்டை நிரப்புவதற்குரிய செய்தி பழைய கோப்பில் இல்லை என்பதையும், கருவி எழுதித் தருவது ஒரு ஆரம்ப வரைவே என்பதையும் கருவியின் கையேட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். இன்னொன்று, கடைசியாக மாற்றம் செய்த பிறகு யாராவது பழைய கோப்பைத் திருத்தியிருந்தால் டீமன் அதைக் கண்டுபிடித்து, ஐநெட்கான்வை ஓட்டினாலன்றி இத்திருத்தம் செல்லாது என்று பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும்படி செய்தார்கள். பழக்கத்தின் வலிமையை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. எக்ஸ்.எம்.எல்.-ஐ மனிதர் கையால் திருத்தவேண்டும் என்று தீர்மானித்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது வேறு வழக்கு.

இனி விஷயத்தின் சாரத்துக்கு வருவோம். பழைய ஐநெட்டிக்குள் யாரும் கோப்பில் எழுதாத ஒரு விதி இருந்தது. ஒரு சேவை 60 வினாடிகளுக்குள் 40 தடவைக்கு மேல் எழுப்பப்பட்டால், அது பழுதாகிச் சுழல்கிறது என்று கருதி டீமன் அதை மூடிவிடும். 10 நிமிஷம் கழித்துத் தானாகவே மறுபடி திறந்து பார்க்கும். பரபரப்பான சர்வர்களில் இந்த வரம்பு போதாமல், பிற்காலத்தில் சில பதிப்புகள் ‘நோவெயிட்’ என்ற சொல்லை அடுத்துப் புள்ளி வைத்து ஓர் எண்ணைச் சேர்க்கும் வசதியைத் தந்தன. எஸ்.எம்.எஃப்.-இன் கீழ் வந்த புதிய ஐநெட்டி, ‘வெயிட்’ வகைச் சேவைகளுக்கு அதே 40, அதே 60 என்ற எண்களைப் பரம்பரைச் சொத்தைப் போல வைத்துக்கொண்டது. ஆனால் வரம்பைத் தாண்டிய சேவை 10 நிமிஷத்தில் திரும்பி வராது. ‘மெயின்டனன்ஸ்’ நிலைக்குச் சென்று, நிர்வாகி ஒருவர் வந்து விடுவிக்கும்வரை அங்கேயே இருக்கும். பிற்காலத்தில் லினக்ஸில் வந்த சிஸ்டம்டியிலோ எண்களும் வேறு: சாக்கெட்டைத் தானே ஏற்கும் சேவையானால் 2 வினாடிகளில் 20 தடவை, இணைப்புக்கு ஒரு பிரதி எழுப்பப்படுவதானால் 200 தடவை, தாண்டினால் சாக்கெட் பழுதுற்றதாக அறிவிக்கப்பட்டு, யாரேனும் மீண்டும் துவக்கும்வரை அந்தப் போர்ட்டில் பதில் கிடைக்காது.

இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு கோளாறால் அழைப்புகள் குவிந்து, சேவை மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் விடிவதற்குள் அது பலமுறை திறந்து மூடி, கோளாறு நீங்கிய பின் தானே நிலைபெற்றிருக்கும். காலையில் வருபவருக்கு அப்படியொன்று நடந்ததே தெரியாமற் போகலாம். புதிய முறைகளில் காலையில் அவர் வந்து பார்க்கும்வரை சேவை இல்லை. எது மேல் என்று விவாதிக்கலாம். கோளாறை மறைக்காமல் காட்டுவதே மேல் என்பார் கட்சியில் நான் இருக்கிறேன். ஆனால் மாற்றுக் கருவி ஏழு பத்திகளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பெயர்த்துக் கொடுத்திருந்தும், சேவையின் நடத்தை தலைகீழாகிவிட்டதே! மாற்றியவர் மீதும் குற்றமில்லை, கருவியின் மீதும் குற்றமில்லை. மாறிய விஷயம் கோப்பில் இருந்ததே இல்லை.

நான்காம் பத்தியாகிய ‘வெயிட்’, ‘நோவெயிட்’ பற்றியும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், இந்தப் பத்தியில் நேரும் பிசகுகளே அதிகம் என்பதால். டி.சி.பி. சேவைகளில் ஐநெட்டியே அழைப்பை ஏற்று, இணைப்பை மட்டும் நிரலிடம் கொடுத்துவிட்டு, அடுத்த அழைப்புக்குக் காதைத் திருப்பிக்கொள்ளும், இது ‘நோவெயிட்’. யு.டி.பி.யில் ஏற்பதற்கு இணைப்பு என்று ஒன்றில்லை, சாக்கெட்டையே நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த நிரல் முடியும்வரை ஐநெட்டி ஒதுங்கியிருக்கவேண்டும், இது ‘வெயிட்’. யு.டி.பி. சேவைக்குத் தவறாக ‘நோவெயிட்’ என்று எழுதினால், எழுப்பப்பட்ட நிரல் வந்த பொட்டலத்தைப் படித்து எடுப்பதற்குள்ளேயே, அது இன்னும் வாசலில் கிடப்பதைக் கண்ட டீமன் இரண்டாவது பிரதியை எழுப்பும், பிறகு மூன்றாவதை எழுப்பும். மேற்கூறிய 40 என்ற வரம்பு இதற்காகவே பிறந்தது என்றாலும் தகும்.

ஆப்பிள் நிறுவனம் 2005 ஏப்ரலில் மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.4-உடன் தந்த லாஞ்ச்டி, பழைய நிரல்களுக்கென்று ஐநெட்டி இணக்கம் என்ற ஒரு தனிப் பண்பை வைத்து, அதற்குள் ‘வெயிட்’ என்ற அதே சொல்லைக் காப்பாற்றியது. 2010-இல் லென்னர்ட் பொட்டரிங் அறிவித்து, 2011-இல் ஃபெடோரா 15-இலும் 2015-இல் டெபியன் 8-இலும் இயல்புநிலையாகிய சிஸ்டம்டியில் அச்சொல் இல்லை. ‘அக்செப்ட்’ என்ற பண்பு ‘யெஸ்’ ஆனால் பழைய ‘நோவெயிட்’. ‘நோ’ ஆனால் பழைய ‘வெயிட்’. எதுவும் எழுதாமல் விட்டால் ‘நோ’ என்றே கொள்ளப்படும். எனவே கையால் மாற்றுபவர் அந்த ஒரு வரியை எழுத மறந்தால், இணைப்பை எதிர்பார்த்து எழுதப்பட்ட பழைய நிரலின் கையில் இணைப்புக்குப் பதிலாகக் காத்திருக்கும் சாக்கெட் போய்ச் சேரும். அதனோடு பேசத் தெரியாத நிரல் உடனே செத்துவிழ, வாசலில் அழைப்பு இன்னும் நிற்பதால் மறுபடி எழுப்பப்பட, சில வினாடிகளில் வரம்பு மீறப்பட்டுச் சாக்கெட் மூடிக்கொள்ளும். பதிவேட்டைப் பார்ப்பவர் ‘நிரல் பழுது’ என்ற முடிவுக்கே வருவார். இருபது ஆண்டுகளாக ஓடிய நிரல் ஒரே நாளில் எப்படிப் பழுதாயிற்று என்று யோசிப்பவர் தப்பித்துக்கொள்வார்.

இவையெல்லாம் குறைந்தபட்சம் சத்தம்போட்டு விழும் தவறுகள். சத்தமே இல்லாமல் நிகழும் வகை ஒன்றும் உண்டு. அதற்கு வெனமாவின் காவல் நிரலே உதாரணமாய் நிற்பது விதியின் விளையாட்டு. காலப்போக்கில் அதன் பட்டியல்களைப் படிக்கும் திறன் ஒரு நூலகமாகப் பிரிந்து, ஐநெட்டியின் துணையின்றித் தனியே ஓடும் ஓபன் எஸ்.எஸ்.எச். போன்ற சேவைகளுக்குள்ளும் புகுந்திருந்தது. 2014-இல் சிஸ்டம்டி அந்த ஆதரவை நீக்கியது; அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஓபன் எஸ்.எஸ்.எச். 6.7-உம் நீக்கியது, 2019-இல் வெளிவந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 அந்தத் தொகுப்பையே கைவிட்டு, விதிகளை ஃபயர்வாலுக்கு மாற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்தியது. டெபியனோ தன் சொந்த ஒட்டுவேலையால் எஸ்.எஸ்.எச்.-இல் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது மறுப்புப் பட்டியல் தன் பழைய ஸ்தானத்திலேயே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் திறந்து பார்த்தால் எல்லோரையும் மறுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதற்குத்தான் எந்த நிரலும் இல்லை. சேவைகள் அனைத்தும் எழுந்து நிற்கின்றன, பயனர் ஒருவரும் புகார் சொல்லவில்லை. வரக்கூடாதவர்கள் உள்ளே வருவதைப் பற்றிப் புகார் சொல்ல அவர்களுக்கு அவசியம் இல்லையல்லவா?

இந்த அனுபவங்களால் பிற்காலக் கருவிகள் சில நல்ல பாடம் கற்றிருக்கின்றன. ஐ.எஸ்.சி. நிறுவனம் தன் பழைய டி.எச்.சி.பி. சர்வரின் ஆயுளை 2022 இறுதியோடு முடித்து எல்லோரையும் தன் புதிய சர்வரான கேயாவுக்கு நகரச் சொன்னபோது, பழைய அமைப்பைப் படித்து ஜேசன் வடிவில் எழுதித்தரும் கேமா என்ற உதவிக் கருவியையும் அளித்தது. தன்னால் பெயர்க்க முடியாத விஷயங்களை அது விழுங்கிவிடுவதில்லை; வெளியீட்டிலேயே குறிப்புரையாக எழுதிவைத்து, கேயாவில் அது எந்தப் பிரச்சினை எண்ணின்கீழ் பேசப்படுகிறது என்பதையும் காட்டுகிறது. ஐபிடேபிள்ஸ் விதிகளை, 2014-இல் லினக்ஸ் கெர்னல் 3.13-இல் நுழைந்த என்.எஃப்.டேபிள்ஸ் வடிவுக்கு மாற்றும் கருவியும், தனக்குப் புரியாத விதியை ஹாஷ் குறியிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு மாற்றுக் கருவியின் தராதரத்தை அது எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் கொண்டு அளப்பதைவிட, மாற்ற இயலாததை எப்படிச் சொல்லுகிறது என்பதைக் கொண்டு அளப்பதே நியாயம் என்பேன். சிஸ்டம்டி பழைய துவக்க ஸ்கிரிப்டுகளை ஒவ்வொரு துவக்கத்தின்போதும் தானே படித்து யூனிட்டுகளாகப் பாவித்துக்கொண்டதை இந்த அளவுகோலால் பார்த்தால், அது தாட்சண்யமா தள்ளிப்போடுதலா என்ற சந்தேகம் எழுகிறது. மாற்றவேண்டிய அவசியமே தோன்றாததால் மாற்றப்படாமல் கிடந்த ஸ்கிரிப்டுகள் ஏராளம். அந்த வசதி இனி நீக்கப்படும் என்று 2023-இல் அறிவிப்பு வந்த பிறகே பலரும் அவற்றைத் திறந்து பார்த்தனர்.

ஹாஷ் குறியிட்ட வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐநெட்டி கோப்பை மாற்றும் கருவிகள் அதில் உயிரோடிருக்கும் வரிகளை மட்டுமே மாற்றுகின்றன. குறியிட்டு மூடப்பட்ட வரிகளும், அவற்றுக்கு மேலே யாரோ ஒருவர் எழுதிவைத்த ‘இதைத் திறக்கவேண்டாம், இன்ன நிரல் இன்ன தொல்லை தருகிறது’ என்பன போன்ற குறிப்புகளும் களஞ்சியத்துக்குள் நுழைவதில்லை. பழைய முறையில் ஓர் அலுவலகத்தின் நிர்வாக ஞாபகம் முழுதும் அந்தக் குறிப்புகளில்தான் இருந்தது. ஆகையால் கோப்பைக் கருவியிடம் கொடுப்பதற்குமுன், ஒரு மனிதர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து, மூடிய வரிகளையும் சேர்த்து ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது என் யோசனை.

சரிபார்ப்பதும் கோப்புக்கும் கோப்புக்கும் இடையே நடக்கவேண்டியதன்று. வடிவமே மாறிவிட்ட இரண்டு கோப்புகளை ஒப்பிடுவதில் பயனில்லை. மாற்றத்துக்கு முந்திய நாள் எந்தெந்தப் போர்ட்டுகள் திறந்திருந்தன, ஒவ்வொன்றையும் எந்தப் பயனரின் அதிகாரத்தில் எந்த நிரல் கையாண்டது என்று நெட்ஸ்டாட் போன்ற கட்டளைகளால் எடுத்துவைத்த பட்டியலையும், மாற்றத்துக்குப் பிந்திய பட்டியலையும் ஒப்பிடவேண்டும். அனுமதிக்கவேண்டிய முகவரியிலிருந்து இணைப்புக் கிடைக்கிறதா என்று பார்ப்பதோடு, மறுக்கவேண்டிய முகவரி ஒன்றிலிருந்தும் முயன்று, உண்மையிலேயே மறுக்கப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் சோதனை இதுவே. நிரலை வேண்டுமென்றே கொன்று, அது எத்தனை நேரத்தில் எழுகிறது, அடுக்கடுக்காகக் கொன்றால் எந்நிலைக்குச் செல்கிறது என்பதையும் ஒரு பகற்பொழுதில் பரீட்சித்து எழுதிவைப்பது இரவுப்பணிக்காரருக்குச் செய்யும் உபகாரம்.

பழைய கோப்பை என்ன செய்வது என்பதில் இரு கட்சிகள் உண்டு. அழித்துவிட்டால் குழப்பமில்லை என்பது ஒரு கட்சி. குறிப்போடு விட்டுவைக்கவேண்டும் என்பது மற்றது. பழக்கமுள்ள கை அந்த இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். வந்தபோது கோப்பு இல்லையென்றால் அது புதிதாக ஒன்றை எழுதிவிடும், அதை யாரும் படிக்கமாட்டார்கள். சோலாரிஸ் 10 பழைய பெயரிலேயே ஒரு கோப்பை விட்டுவைத்து, இது இனி நேரடியாகப் பயன்படுத்தப்படுவதில்லை, அமைப்பு இன்ன இடத்துக்குச் சென்றுவிட்டது, இன்ன கட்டளையால் அதைத் தொடலாம் என்று அதன் தலைப்பிலேயே குறிப்பு எழுதிவைத்தது. அனுமதிப் பட்டியலுக்கும் மறுப்புப் பட்டியலுக்கும் அப்படியொரு குறிப்பை எழுதுவது, அவற்றைக் கைவிட்ட வெளியீடுகளை நிறுவிய ஒவ்வொரு நிர்வாகியின் பொறுப்பாகவே இன்றளவும் நிற்கிறது.